செங்கல்லுக்குக் காசு உண்டு, கைக்குக் கிடையாதா?

ரொம்ப நாளாகத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த பதிவு இது. கோபம் ஆறட்டும், அப்புறம் எழுதலாம் என்று இருந்தேன். வருஷம் ஓடியும் ஆறவில்லை. சரி, ஆறாமலே எழுதிவிடுவோம் என்று உட்கார்ந்துவிட்டேன். கொஞ்சம் நீளம்தான். காபி போட்டு எடுத்துக்கொண்டு வந்து படியுங்கள்.

முதலில் ஒரு சமையலறைக் கேள்வி. சென்னைப் பக்கத்துப் பழைய ஆட்கள் சௌசௌவை 'பெங்களூர் கத்திரிக்காய்' என்பார்கள், கேட்டிருப்பீர்கள். கத்திரிக்காய்க்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அது சுரைக்காய், பூசணி வகையறா. பெங்களூரிலும் பிறந்ததில்லை, மெக்சிகோ பக்கத்துக் காய். பிறகு பெங்களூர் பெயர் எப்படி ஒட்டியது? 1874லிருந்து 1908 வரை லால்பாக் தோட்டத்துக்குப் பொறுப்பாக இருந்த ஜான் கேமரூன்தான் அதைக் கொண்டுவந்து இங்கே பரப்பினார் என்று சொல்கிறார்கள். கன்னடத்தில் இன்றைக்கும் அதற்கு 'சீமெ பதனெகாயி' என்றுதான் பேர். சீமைக் கத்திரிக்காய்.

இந்தக் கதையை எதற்குச் சொல்கிறேன் என்றால், நூறு நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு பொதுத் தோட்டத்தின் வேலைகளில் இதுவும் ஒன்றாக இருந்தது. புதுக் காயைக் கொண்டுவா, இந்த மண்ணில் வருமா பார், வந்தால் வளர்க்கக் கற்றுக்கொடு. பூ பார்க்கவும் காற்று வாங்கவும் மட்டும் வைத்த இடம் இல்லை அது. லால்பாக்கை 1760ல் ஹைதர் அலி தொடங்கினார். அந்தத் தோட்டத்தோடும், இந்த ஊரின் காய்கறி, கீரை, பூவோடும் தலைமுறை தலைமுறையாகப் பேர் சேர்ந்தவர்கள் திகளர்கள். வருஷா வருஷம் கரகத் திருவிழா எடுக்கிற அதே சமூகம்தான். தமிழ் வேர் உள்ளவர்கள் என்று சொல்லப்படுபவர்கள். ஆக, பெங்களூர்த் தோட்டத்தில் தமிழ்க் கை படுவது ஒன்றும் புதுசில்லை.

இன்றைக்கு உங்கள் லேஅவுட் பார்க்குக்குப் போய்ப் பாருங்கள். நடைபாதை, நாலு சிமெண்ட் பெஞ்சு, யாரும் சரியாக உபயோகிக்காத உடற்பயிற்சிக் கருவிகள், புல்தரை. புல்தரையில் ஒரு பலகை. 'செடிகளைத் தொடாதீர்கள்.'

இனி என் கதை.

அம்மா போன பிறகு அப்பாவைத் தனியாக விட மனசில்லாமல் 2022 மார்ச்சில் இங்கே அழைத்துக்கொண்டு வந்தோம். கோவில்பட்டிப் பக்கம் கரிசல் காட்டில் நாற்பத்தைந்து வருஷம் பருத்தி, உளுந்து, கம்பு என்று மானாவாரி விவசாயம் பார்த்தவர். எங்கள் வீடோ நாலாவது மாடி. பால்கனியில் இரண்டு தொட்டி வைத்தால் மூன்றாவது ஆளுக்கு நிற்க இடமில்லை. காலை ஒன்பது மணிக்கு நானும் மனைவியும் ஆளுக்கொரு லேப்டாப் முன்னால் உட்கார்ந்துவிட்டால், அவர் லிஃப்டில் இறங்குவார், கேட் வரைக்கும் போவார், திரும்பி வருவார். மறுபடி இறங்குவார். வெளியூரில் வேலை பார்க்கும் நம்மில் பலர் வீட்டிலும் இந்தக் காட்சி ஓடிக்கொண்டிருக்கும், சொல்லத் தேவையில்லை.

ஒரு மாதத்தில் அவரே ஒரு வேலை கண்டுபிடித்தார். பக்கத்து பார்க்கில், பின் மூலையில், கட்டட இடிபாடு கொட்டி வைத்திருந்த ஒரு துண்டு இடம். முப்பதுக்கு இருபதடி, அறுநூறு சதுர அடி. பார்க்கைக் கூட்டிப் பெருக்குகிற ஒப்பந்தத் தொழிலாளி அம்மா அனந்தபூர் பக்கத்துக்காரர். எங்கள் ஊரில் அக்கம்பக்கத்தில் தெலுங்கு பேசுகிறவர்கள் ஏராளம் என்பதால் அப்பாவுக்குத் தெலுங்கு தண்ணிபட்ட பாடு. இரண்டு பேரும் பேசி, கல் பொறுக்கி, சருகைக் குழியில் போட்டு மக்க வைத்து, மூன்று மாதத்தில் நாலு பாத்தி கட்டிவிட்டார்கள். வந்த அதிகாரி ஒருவர் பார்த்துவிட்டு, "பரவாயில்ல, பண்ணுங்க. ஆனா என் பேரச் சொல்லாதீங்க" என்று வாய்வார்த்தையாக அனுமதி கொடுத்தார். நல்ல மனுஷர். அந்த வருஷமே மாற்றலாகிப் போனார்.

வெண்டை வந்தது. கொத்தவரை வந்தது. கீரை வந்தது. எங்கள் கட்டடத்திலும் எதிர்க் கட்டடத்திலும் பதினான்கு குடும்பங்கள் சேர்ந்தன. தமிழ், கன்னடம், தெலுங்கு, ஒரு ஒடியாக் குடும்பம். வீட்டு வேலைக்கு வரும் பெண்கள் போகிற வழியில் ஒரு பிடி கீரை பறித்துக்கொண்டு போவார்கள். அப்பா ஒன்றும் சொல்ல மாட்டார். "வளர்றது பறிக்கத்தானல" என்பார்.

இதைச் சரியாகச் செய்வோம், முறையாக நிதி கேட்போம் என்று நினைத்தது என் தப்பு. மெத்தப் படித்த புத்தி இல்லையா? :-)

2023 தொடக்கத்தில் ஒரு பெரிய கம்பெனியின் சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து நகர விவசாயத்துக்கு உதவி தருகிறார்கள், கூடவே நிபுணர் வழிகாட்டுதலும் உண்டு, பொதுப் பூங்காக்களும் விண்ணப்பிக்கலாம் என்று தெரிந்தது. மூன்று சனிக்கிழமை உட்கார்ந்து பட்ஜெட் போட்டோம். ஒரு வருஷத்துக்கு மொத்தம் 1,70,000 ரூபாய். இதில் 96,000 ரூபாய் அந்த அம்மாவுக்குப் பகுதி நேரக் கூலி, மாதம் 8,000. விவரம் தெரிந்த ஒருவர் மாதம் இரண்டு முறை வந்து பார்த்துப் போக, தடவைக்கு ஆயிரம் வீதம் 24,000. சொட்டு நீர்க் குழாயும் தொட்டியும் 22,000. மண், எரு, விதை, பந்தல் கம்பி 18,000. மண்ணுக்கும் தண்ணீருக்கும் பரிசோதனை 6,000. கருவிகள் 4,000. அவ்வளவுதான்.

விண்ணப்பத்தில் கேட்ட கேள்விகளைக் கேளுங்கள். எத்தனை செடிகள் நடப்படும்? எத்தனை பேர் பயனடைவார்கள்? எத்தனை தன்னார்வலர்கள் எத்தனை மணி நேரம்? கம்பெனியின் பெயர்ப் பலகை எங்கே வைக்கப்படும், அளவு என்ன? மே மாதம் யார் தண்ணி ஊற்றுவார்கள் என்று ஒரு கேள்வி கிடையாது. தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கிடையாது. விளைந்ததை யார் சாப்பிடுவார்கள் என்று கிடையாது.

வழிகாட்டியைப் பற்றி ஒரு கட்டம் இருந்தது. அவருடைய கல்வித் தகுதி. இளநிலை, முதுநிலை, முனைவர் என்று மூன்றில் ஒன்றைச் சொடுக்க வேண்டும். அப்பா எஸ்.எஸ்.எல்.சி. ஃபெயில். அவரை எதில் போட? கட்டத்தைக் காலியாக விட்டால் அடுத்த பக்கம் திறக்கவே இல்லை.

எரிச்சலில் அவரிடம் சொன்னேன். அவர் சிரித்தார். "ஏலே, அவங்க கேக்கறதும் தப்பில்லல. நான் கரிசல்காட்டுக்காரன். இது செம்மண்ணு, எனக்குத் தெரியாது. குழாயில வர்ற இந்தத் தண்ணி எனக்குத் தெரியாது. தெரிஞ்ச ஆளா ஒருத்தன அப்பப்ப வந்து பாக்கச் சொல்லு, போதும்."

இந்தப் பதிவில் நான் சொல்ல வரும் விஷயமே இதுதான். நாற்பத்தைந்து வருஷம் மண்ணில் நின்றவருக்குத் தனக்கு என்ன தெரியாது என்று தெரிந்திருந்தது. நிதி கொடுக்க உட்கார்ந்தவர்களுக்கு அது தெரியவில்லை.

அவர் பயந்ததில் நியாயம் இருந்ததும் பிறகு தெரிந்தது. நண்பரின் நண்பர் ஒருவர், ஓய்வு பெற்ற தோட்டக்கலை விஞ்ஞானி, எங்கள் மேல் இரக்கப்பட்டு ஒரு நாள் வந்தார். ஒரே ஒரு மணி நேரம். முதல் கேள்வியே, "பாத்திக்கு என்ன தண்ணி விடறீங்க?" பார்க்குக்கு வருவது சுத்திகரித்த கழிவுநீர். "அப்போ கீரைய நிறுத்துங்க. தரையோடு ஒட்டி வளர்றது, மேல தண்ணி தெளிச்சு வளர்க்கறது எதுவும் வேண்டாம். பந்தல் போட்டுப் புடலை, பீர்க்கு, பாகல், அவரை, சௌசௌ ஏத்துங்க. சொட்டு நீர், வேருக்கு மட்டும். காயைக் கழுவி வேக வெச்சுச் சாப்பிடுங்க." ரோட்டோரப் பாத்தியைக் காட்டி, அங்கே மண்ணில் ஈயம் இருக்கலாம், சோதித்துப் பார்க்காமல் தின்கிற எதையும் போடாதீர்கள் என்றார். சமைக்கும் காய், சொட்டு நீர், கழுவுதல் என்று ஒன்றுக்கு மேல் ஒன்றாகத் தடுப்பு வைத்துக் கழிவுநீரைப் பயன்படுத்தும் இந்த முறையை உலக சுகாதார நிறுவனம் 2006லேயே வழிகாட்டு நெறியாக வெளியிட்டிருக்கிறது என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன்.

யோசித்துப் பாருங்கள். ஒரு வருஷமாகப் பதினான்கு வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்தக் கீரையைக் கொடுத்துக்கொண்டிருந்தோம். நல்ல எண்ணத்தோடுதான் கொடுத்தோம். நல்ல எண்ணம் கிருமியைக் கொல்லாது. ஒரு மணி நேரம் ஒரு விவரமான ஆள் வந்து நின்றதில் கிடைத்தது, ஒரு லட்சம் செலவழித்திருந்தாலும் பொருளாகக் கிடைத்திருக்காது.

அவரை இரண்டாவது முறை கூப்பிட எங்களுக்குக் கூச்சமாக இருந்தது. இலவசமாக எத்தனை தடவை கூப்பிடுவது?

சரி, விண்ணப்பம் என்ன ஆயிற்று? பதில் வந்தது. நிராகரிக்கவில்லை. அதைவிட மோசம். கூலியையும் வழிகாட்டிக்கான தொகையையும் அடித்துவிட்டார்கள். 'தொடர் செலவினங்கள் அனுமதிக்கப்படுவதில்லை.' அதற்குப் பதிலாக அவர்களே ஒரு யோசனை சொன்னார்கள். கிரானைட் மேடை, வளைவு, பெயர்ப் பலகை, தன்னார்வலர் தினத்தன்று நட ஐந்நூறு செடிகள். மூன்று லட்சம் வரை தரத் தயார்! அறுநூறு சதுர அடியில் ஐந்நூறு செடி. நட்டுவிட்டு நாம் எங்கே நிற்பது?

கேட்டது 1,70,000, தருவதாகச் சொன்னது 3,00,000. ஆனால் அதில் ஒரு ரூபாய்கூட ஒரு மனுஷக் கைக்குப் போகக் கூடாது. செங்கல்லுக்குக் காசு உண்டு, கைக்குக் கிடையாது.

"சட்டம் அப்படி சார்" என்றார்கள் ஃபோனில். சட்டம் அப்படித்தானா என்று நானும் உட்கார்ந்து பார்த்தேன். 2013ஆம் வருஷக் கம்பெனிகள் சட்டம், 135ஆவது பிரிவு. குறிப்பிட்ட அளவுக்கு மேல் உள்ள கம்பெனிகள் முந்தைய மூன்று வருஷச் சராசரி நிகர லாபத்தில் குறைந்தது 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவழிக்க வேண்டும். எதற்கெல்லாம் செலவழிக்கலாம் என்ற ஏழாம் அட்டவணையில் பசி, ஊட்டச்சத்துக் குறைவை ஒழிப்பது இருக்கிறது, சுற்றுச்சூழல் இருக்கிறது. 2021ல் திருத்திய விதிகளில், நிதி ஆண்டு தொடங்கி அதற்கு மேல் மூன்று வருஷம் வரை நீளும் தொடர் திட்டங்களுக்கு இடம் இருக்கிறது. கம்பெனியின் சொந்த நிர்வாகச் செலவுக்குத்தான் 5 சதவீத உச்சவரம்பு. ஒரு திட்டத்தை நடத்த நேரடியாக ஆகும் செலவு அந்தக் கணக்கில் வராது என்று விளக்கமே இருக்கிறது. ஆக, தோட்டத்தில் வேலை செய்கிறவருக்குக் கூலி தரக் கூடாது என்று சட்டம் எங்கேயும் சொல்லவில்லை. அது கம்பெனி வைத்துக்கொண்ட வழக்கம். வழக்கத்துக்குச் சட்டம் என்று பேர் வைத்துவிட்டார்கள்.

இன்னொரு முட்டுக்கட்டை உண்மையிலேயே சட்டத்தில் இருக்கிறது. வெளியமைப்பு மூலமாகச் செலவழித்தால் அந்த அமைப்புக்கு வருமான வரியில் 12ஏ, 80ஜி பதிவு வேண்டும், இதே மாதிரி வேலையில் மூன்று வருஷ அனுபவம் வேண்டும், 2021 ஏப்ரலிலிருந்து சி.எஸ்.ஆர்.-1 என்ற படிவத்தில் பதிவும் வேண்டும். காலை நடைக்காரர்கள் சங்கத்துக்கு இதெல்லாம் எங்கிருந்து வரும்? மோசடி அமைப்புகளைத் தடுக்க வைத்த வேலி அது, வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதே விதிகளில், கம்பெனி நேரடியாகத் தானே செய்யலாம் என்றும் இருக்கிறதே. அந்த வழியில் ஏன் ஒருவரும் வருவதில்லை? வந்தால் மே மாதம் தண்ணி ஊற்ற வேண்டியது அவர்கள் பொறுப்பாகிவிடும், அதனால்தான்.

அரசாங்கம் பக்கம் போகலாமே என்பீர்கள். போனோம். 2011-12 பட்ஜெட்டில் மத்திய அரசு நகரங்களைச் சுற்றிக் காய்கறி உற்பத்திக்கு 300 கோடி ஒதுக்கியது. அது நகரத்துக்குக் காய் அனுப்பும் விவசாயிகளுக்கு. தமிழ்நாட்டில் 2013ல் சென்னையிலும் கோவையிலும் மாடித் தோட்டத்துக்கு மானிய விலையில் பை, விதை, தென்னை நார்க்கழிவு கொடுக்கும் திட்டம் வந்தது. நல்ல திட்டம், ஆனால் அது சொந்த மாடி உள்ளவர்களுக்கு. 2015ல் வந்த அம்ருத் திட்டத்தில் பூங்காக்களுக்கும் பசுமை வெளிகளுக்கும் திட்டச் செலவில் 2.5 சதவீதம் வரை செலவழிக்க இடம் இருந்தது. அதில் சாப்பிடுகிற செடி என்ற பேச்சில்லை. விவசாயத் துறைக்கு நாங்கள் பார்க். பார்க் துறைக்கு நாங்கள் விவசாயம். இரண்டு மேஜைக்கு நடுவில் ஒரு காகிதம் விழுந்தால் அதைக் குனிந்து எடுக்க ஆளில்லை.

அறிவுக்கா பஞ்சம் இந்த ஊரில்? ஹெசரகட்டாவில் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. அர்கா அனாமிகா வெண்டையும் அர்கா ரக்‌ஷக் தக்காளியும் அங்கே பிறந்தவைதான். ஜி.கே.வி.கே.யில் வேளாண் பல்கலைக்கழகமே இருக்கிறது. டாக்டர் பி.என். விஸ்வநாத் மாதிரியானவர்கள் பல வருஷமாக மாடித் தோட்டம் சொல்லிக்கொடுத்து ஒரு பெரிய கூட்டத்தையே உருவாக்கியிருக்கிறார்கள். 1974ல் நாட்டின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் நம் புதுச்சேரியில்தான் தொடங்கியது. இன்றைக்கு நாடு முழுக்க எழுநூறுக்கும் மேல். விவசாயியின் வயலுக்கே போய்ச் சொல்லிக்கொடுப்பதுதான் அதன் அடிப்படை. அதே மாதிரி ஒரு நகரத்துக்கு நாலு பேரை பார்க் பார்க்காகப் போக வைக்க முடியாதா? சொந்த மாடி இல்லாதவனுக்கு, வாடகை வீட்டுக்காரனுக்கு, தகரக் கொட்டகையில் குடியிருக்கும் கட்டடத் தொழிலாளிக்கு, பார்க்தானே மொட்டை மாடி?

அமெரிக்காவில் இருக்கும் கல்லூரி நண்பன் ஒருவன் ஒரு விஷயம் அனுப்பினான். 1820ல் அந்த நாட்டு நாடாளுமன்றம் வாஷிங்டனில் தொடங்கிய தாவரவியல் பூங்காவும், அங்குள்ள பொதுத் தோட்டங்களின் சங்கமும் சேர்ந்து, கொரோனா வந்த 2020ல் பொதுத் தோட்டங்கள் நகர விவசாயம் செய்ய ஒரு நிதித் திட்டத்தை ஆரம்பித்தார்கள். அதில் எனக்குப் பிடித்தது தொகை இல்லை. தோட்டமும் உள்ளூர் அமைப்புகளும் கூட்டாகச் செய்யும் வேலைக்குத்தான் அந்த நிதி. தோட்டத்துக்கு இடமும் தொழில்நுட்பமும் தெரியும், ஜனங்களுக்குத் தங்களுக்கு என்ன வேண்டும் என்று தெரியும், இரண்டும் சேர்ந்து வா என்கிறார்கள். அமெரிக்கா ஒழுங்கு, நாம் மோசம் என்று பாட்டுப் பாட வரவில்லை. லால்பாக் நூறு வருஷத்துக்கு முன்னால் செய்த வேலையைத்தான் அவர்கள் இப்போது செய்கிறார்கள். நாம் மறந்துவிட்டோம், அவ்வளவுதான்.

எதிர்ப்புகளுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். முக்கால்வாசி நம்மாளுங்க சொன்னதுதான்.

"பார்க்கில் விவசாயம்னு ஆரம்பிச்சா நாளைக்குக் கொட்டகை போடுவான், மறுநாள் பட்டா கேட்பான்." இது நியாயமான பயம். கர்நாடகத்தில் 1985ல் பூங்காக்களையும் விளையாட்டுத் திடல்களையும் காப்பாற்றத் தனிச் சட்டமே போட வேண்டி வந்தது. அதனால்தான் எழுத்துமூலமான அனுமதி வேண்டும் என்கிறேன். வேலி கூடாது, கூரை கூடாது, விற்பனை கூடாது, இடம் பொது இடமாகவே இருக்கும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் யாருக்கும் பயமில்லை. வாய்வார்த்தை அனுமதியில்தான் ஆக்கிரமிப்பு வளரும்.

"காயை யாராவது பறிச்சுட்டுப் போயிடுவாங்க." போகட்டுமே. அறுநூறு அடியில் புடலங்காய் திருடி யாரும் பங்களா கட்டிவிட மாட்டார்கள்.

"இதுல ஊருக்கே சோறு போட முடியுமா?" முடியாது. முடியும் என்று நான் சொல்லவே இல்லை. பதினான்கு வீட்டுக்கு வாரம் ஒரு பொரியலுக்கு வந்தாலே அதிகம். ஆனால் பூ எப்படிப் பிஞ்சாகிறது என்று என் மகள் பார்த்தாள். பார்க்கில் எரித்துக்கொண்டிருந்த சருகு எருவானது. ஒரு கிழவர் லிஃப்டில் ஏறி இறங்குவதை நிறுத்தினார். பூங்கா அழகாக இருக்க நாம் லட்சக்கணக்கில் செலவழிக்கும்போது 'இந்தப் புல் எத்தனை பேருக்குச் சோறு போடும்' என்று யாரும் கேட்பதில்லையே.

மூன்று லட்சத்தை வேண்டாம் என்று எழுதிவிட்டோம். ஆளுக்குக் கொஞ்சம் போட்டுப் பந்தல் போட்டோம். விஞ்ஞானி சொன்னபடி கீரையை நிறுத்தினோம். முளைவிட்ட சௌசௌவை முழுக் காயாகவே மண்ணில் வைத்தார் அப்பா. "சப்புன்னு இருக்குமேல, இதப் போயி எவன் திம்பான்" என்று சொல்லிக்கொண்டேதான் வைத்தார். அது படர்ந்த வேகத்தைப் பார்த்த பிறகு தினமும் காலையில் முதலில் போய் அதைத்தான் பார்ப்பார்.

2024 பிப்ரவரியில் மூட்டு வலி முற்றி, மாடிக்கும் பார்க்குக்கும் நடக்க முடியாமல், ஊரில் அக்கா வீட்டுக்குப் போய்விட்டார். அடுத்த மாதமே பெங்களூரில் தண்ணீர்ப் பஞ்சம். குடிநீரைத் தோட்டத்துக்கு விட்டால் 5,000 ரூபாய் அபராதம் என்று உத்தரவு வந்தது. அது சரியான உத்தரவுதான், குறை சொல்லவில்லை. ஆனால் சுத்திகரித்த தண்ணீர் லாரி வரும் நேரத்தில் பிடித்துத் தொட்டியில் நிரப்ப ஆள் வேண்டுமே? நாங்கள் எல்லோரும் மீட்டிங்கில். அந்த அம்மாவின் ஒப்பந்தத்தில் புல்தரை மட்டும்தான் இருக்கிறது. எங்களுக்காகச் செய்துகொண்டிருந்தார், நாங்கள் கொடுத்த தொகை மாதா மாதம் தேய்ந்துகொண்டே வந்தது. பதினான்கு குடும்பம் ஒன்பதாகி, ஆறானது. ஏப்ரல் கடைசியில் பந்தலில் பச்சை என்று ஒன்றும் இல்லை.

தன்னார்வம், தன்னார்வம் என்கிறார்களே, அது தீர்ந்துபோகும் சரக்கு. அப்பாவின் மூட்டோடு எங்கள் தன்னார்வம் தீர்ந்தது. 96,000 ரூபாய்க் கூலியும் 24,000 ரூபாய் வழிகாட்டியும் இருந்திருந்தால் அந்தக் கோடையைத் தாண்டியிருப்போம். கிரானைட் மேடை இருந்திருந்தால்? கருகின கொடிக்குப் பக்கத்தில் பளபளவென்று நின்றிருக்கும், கம்பெனிப் பெயரோடு.

இப்போது உங்களிடம் வருகிறேன். இதைப் படிக்கிறவர்களில் பல பேர் பெங்களூர், புனே, ஹைதராபாத், குர்கானில் பெரிய கம்பெனிகளில் இருக்கிறீர்கள். சிலர் அந்த சமூகப் பொறுப்புக் கமிட்டியிலேயே உட்கார்ந்திருக்கிறீர்கள். வருஷத்துக்கொரு நாள் டி-ஷர்ட் போட்டுக்கொண்டு செடி நட்டு ஃபோட்டோ எடுத்துக்கொள்கிறவர்கள் இன்னும் அதிகம். (நானும் எடுத்திருக்கிறேன். என் ஃபோட்டோவில் இருக்கும் செடி இப்போது இல்லை.) அடுத்த முறை இப்படி ஒரு விண்ணப்பம் உங்கள் மேஜைக்கு வந்தால் தயவுசெய்து இதையெல்லாம் கேளுங்கள்.

கொடுக்கும் பணத்தில் குறைந்தது பாதி, தோட்டத்தில் நிற்கும் ஆளுக்குக் கூலியாகப் போகிறதா? வழிகாட்டி திறப்பு விழாவுக்கு வருகிறவரா, ஆடியிலும் தையிலும் சித்திரையிலும் வருகிறவரா, அவருக்குக் காசு உண்டா? மூன்று வருஷத்துக்கு எழுத்துமூலம் அனுமதி இருக்கிறதா? பணம் கொடுக்கும் முன் மண்ணையும் தண்ணீரையும் சோதித்தார்களா? படிவத்தைப் பூர்த்தி செய்ய இங்கிலீஷ் தெரியாத ஒரு தோட்டக்காரர் நேரில் வந்து வாயால் சொன்னால் கேட்டுக்கொள்வீர்களா? கடைசியாக, வெற்றியை நட்ட செடியின் எண்ணிக்கையில் அளக்காமல், இரண்டாவது கோடையைத் தாண்டியதா என்று அளப்பீர்களா?

இத்தனைக்கும் எந்தச் சட்டத்தையும் திருத்த வேண்டியதில்லை. படிவத்தில் ஆறு கேள்வியை எடுத்துவிட்டு ஆறு கேள்வியைச் சேர்த்தால் போதும்.

2024 ஜூனில் மழை பெய்தது. கருகிப்போன சௌசௌ அடியிலிருந்து மறுபடி துளிர்த்துவிட்டது. அதற்குக் கிழங்கு உண்டு, மண்ணுக்குள் காத்திருக்கும். பந்தல் அதற்குள் சரிந்திருந்ததால் ஏறுவதற்கு வேறு எதுவும் கிடைக்காமல் 'செடிகளைத் தொடாதீர்கள்' பலகையில் ஏறிக்கொண்டிருந்தது. ஃபோட்டோ எடுத்து அக்கா ஃபோனுக்கு அனுப்பினேன். அப்பா பார்த்துவிட்டுக் கூப்பிட்டார். நலம் விசாரிப்பெல்லாம் இல்லை. முதல் கேள்வியே, "தண்ணி யாருல ஊத்துதா?"

விண்ணப்பம் முழுக்க இந்த ஒரு கேள்வி இருந்திருந்தால் போதும்.

பி.கு.: நாங்கள் போட்ட பட்ஜெட்டும், அனுமதிக் கடிதத்துக்கு எழுதி வைத்த மாதிரியும் என்னிடம் இருக்கிறது. உங்கள் ஊர் பார்க்கில் முயற்சி செய்கிறவர்கள் கேளுங்கள், அனுப்பிவைக்கிறேன். கீரை மட்டும் தண்ணீர் என்ன தண்ணீர் என்று தெரியாமல் போடாதீர்கள்.